உடல்நல ஆய்வுக்கு அம்மாவைக் கூப்பிடுகிறார்கள்: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும் செய்ய வேண்டியவை

வாசலில் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிக்கணினி, தோளில் ஒரு பெரிய பை. "வீட்டில் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்கிறார்கள். அம்மா உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். மகன்தான் பதில் சொல்கிறார்: "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, வேற வீடு பாருங்க." இல்லாவிட்டால், "சரி, எழுதிக்குங்க, கையெழுத்து எங்க போடணும்?" இரண்டு பதிலிலும் அம்மாவை யாரும் கேட்கவில்லை.

என் அத்தை ஒரு நீண்ட கால உடல்நல ஆய்வில் இருக்கிறார். மூன்று சுற்றுகளுக்கு நான் துணைக்குப் போயிருக்கிறேன். முதல் சுற்றில் எங்களுக்கு எதுவும் தெரியாது. அதனால் சில தவறுகள் செய்தோம், சில கேள்விகளைக் கேட்காமல் விட்டோம். உங்கள் வீட்டில் அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது எந்த மாதிரி ஆய்வு என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீண்ட கால ஆய்வு என்றால் ஒரே ஆளை வருடக்கணக்கில் மறுபடி மறுபடி பார்ப்பது. ஒரு பாட்டிக்குக் கைப்பிடி தளர்ந்திருக்கிறது, ஞாபகமும் குறைந்திருக்கிறது என்று வையுங்கள். ஒரே ஒரு முறை பார்த்தால் எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. நான்கு வருடம் கழித்தும் எட்டு வருடம் கழித்தும் அதே பாட்டியைப் பார்த்தால்தான் எது எதற்கு முன்னோடி என்று தெரியும்.

நம் நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் லாசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முதுமை ஆய்வு. மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடத்துவது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் இதில் கூட்டு. 2017-18 முதல் சுற்றில் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களுடைய கணவன் அல்லது மனைவி என்று 72,000-க்கும் அதிகமானவர்களைச் சந்தித்தார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. அவர்களில் 60 வயது தாண்டிய 4,000 பேருக்கு மேல் தேர்ந்தெடுத்து, ஞாபகசக்தியைத் தனியாக விரிவாகச் சோதித்தார்கள். அதிலிருந்துதான் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருக்கிறது என்ற கணக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் ஆண்களில் 5.8, பெண்களில் 9 சதவீதம். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று எல்லா வீட்டிலும் அம்மாக்களை விட்டுவிட்டிருந்தால் இந்த வித்தியாசம் வெளியில் வந்தே இருக்காது.

கடைசி வரை தொடர்வது ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே 1993 முதல் 1998 வரை, 50 முதல் 79 வயது வரையான 1,61,808 பெண்கள் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற ஆய்வில் சேர்ந்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயத்துக்கு நல்லது என்று அப்போது மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரையும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் மருந்து சாப்பிட்டவர்களிடம் கூடுதலாகத் தெரிந்ததால் 2002 ஜூலையில் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஒரே ஹார்மோனை மட்டும் கொடுத்த சோதனையும் 2004-ல் நின்றது.

மாத்திரை நின்ற பிறகும் அந்தப் பெண்கள் நிற்கவில்லை. வருடா வருடம் தபாலில் வந்த படிவத்தை நிரப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2020-ல் வெளியான முடிவு அதனால் கிடைத்தது. இரண்டு ஹார்மோன் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அது குறைந்திருந்தது, அதனால் வரும் இறப்பும் குறைந்திருந்தது. ஒரே பெயரில் சொல்லப்படும் சிகிச்சை, இரண்டு வகையில் எதிரெதிரான விளைவு. 20 வருடம் படிவம் நிரப்பிய பாட்டிகள் இல்லாவிட்டால் இது உறுதியாகத் தெரிந்திருக்காது.

ஆக, யாராவது கூப்பிட்டால் முதல் கேள்வி இதுதான்: "நீங்கள் பார்த்துக் குறித்துக்கொள்ள மட்டும் வருகிறீர்களா, அல்லது மருந்து, ஊசி, உணவு என்று ஏதாவது கொடுத்துப் பார்க்கப் போகிறீர்களா?" லாசி முதல் வகை. ஹார்மோன் சோதனை இரண்டாவது வகை. இரண்டாவது வகை என்றால் வீட்டு மருத்துவரிடம் பேசாமல் சரி சொல்ல வேண்டாம்.

நாமாகப் போய்ச் சேர முடியுமா?

லாசி போன்றவற்றில் முடியாது. ஊர், தெரு, வீடு எல்லாமே குலுக்கல் போன்ற முறையில் தேர்வாகின்றன. உங்கள் வீடு வந்திருந்தால் வந்ததுதான். பக்கத்து வீட்டு அக்கா "எனக்குப் பதிலா நீங்க எழுதிக்குங்க" என்று அனுப்பிவைக்க முடியாது. தேர்வான வீடு மறுத்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்ததுபோலத்தான்.

வேறு சில ஆய்வுகள் ஒரு பகுதியில் வசிப்பவர்களை அழைக்கின்றன. பெங்களூருவில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரம் பக்கத்துக் கிராமங்களில் 45 வயது தாண்டியவர்களை வைத்து ஒரு நீண்ட ஆய்வை நடத்துகிறது. சென்னையில் சர்க்கரை நோய், இதய நோய் பற்றி இதே போன்ற தொடர் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளின் முதியோர் பிரிவு, எலும்புப் பிரிவு, நரம்பியல் பிரிவு போன்ற இடங்களிலும் ஆட்களைக் கேட்பார்கள். ஆர்வம் இருந்தால் அங்கே விசாரிக்கலாம்.

வந்தவர்கள் உண்மையானவர்களா என்று பாருங்கள்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். அடையாள அட்டையைப் படியுங்கள், நிறுவனத்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், கொடுக்கும் தாளில் உள்ள அலுவலக எண்ணுக்கு நீங்களே ஒரு முறை பேசுங்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலும் சரிபாருங்கள். மருந்து கொடுக்கும் ஆய்வு என்றால் இப்படிப்பட்ட சோதனைகளைப் பதியும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) அதன் எண் இருக்க வேண்டும். 2009 ஜூனிலிருந்து அது கட்டாயம். பதிவெண்ணைக் கேளுங்கள், சொல்லத் தெரியாவிட்டால் அப்புறம் வரச் சொல்லுங்கள்.

ஓ.டி.பி., ஏ.டி.எம். ரகசிய எண், முன்பணம், "இந்த டானிக்கை வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதெல்லாம் வந்தால் அது ஆய்வே இல்லை. கதவைச் சாத்திவிடலாம்.

ஒப்புதல் படிவம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

என் அத்தை விஷயத்தில் நாங்கள் தவறியது இங்கேதான். மருத்துவமனை வராந்தாவில் ஒரு பெண் நான்கு பக்கத் தாளை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டிதான் பாட்டி, இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று விரல் வைத்துக் காட்டினார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, "எதுக்கும்மா கையெழுத்து வாங்கினாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று வந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. அடுத்த சுற்றில் நாங்களே கேட்டு, முழுவதையும் வாசிக்க வைத்துத்தான் தொடர்ந்தோம்.

படிவம் என்பது இரண்டு பகுதி. ஒன்று தகவல் தாள், இன்னொன்று ஒப்புதல். தகவல் தாள் உங்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் சொல்கின்றன. படிக்கத் தெரியாதவர் என்றால் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும். கைநாட்டு வைக்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தான பிரதி ஒன்று உங்களுக்குத் தர வேண்டும்.

வாசித்து முடித்ததும் நான் இப்போது ஒன்று செய்கிறேன். "அத்தை, இவங்க என்ன கேட்கிறாங்கன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க" என்பேன். "இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருவாங்க, ரத்தம் எடுப்பாங்க, மருந்து எதுவும் கிடையாது, பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லலாம்." இப்படி அவர் வாயிலிருந்து வந்தால் போதும். வரவில்லை என்றால் இன்னொரு முறை வாசிக்கச் சொல்வோம். ஆய்வு நடத்துபவர்களுக்கும் இதில் வருத்தம் இருக்கக் கூடாது. வருத்தப்பட்டால் அது அவர்கள் பயிற்சியில் உள்ள குறை.

கேட்க வேண்டியவற்றில் என் மனதில் நிற்பவை சில. எத்தனை வருடம், எத்தனை முறை வருவீர்கள்? நாங்கள் வர வேண்டும் என்றால் வண்டிச் செலவும் அன்றைய கூலியும் யார் தருவது? ரத்தத்தைச் சேமித்து வைப்பீர்களா, பின்னால் வேறு ஆய்வுக்கும், மரபணுச் சோதனைக்கும் பயன்படுத்துவீர்களா? (இதற்குத் தனியாக ஆம், இல்லை சொல்ல இடம் இருக்கும் படிவங்கள் உண்டு. மற்றதற்குச் சரி சொல்லி இதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம்.) பெயரும் முகவரியும் யார் கையில் இருக்கும்? எங்களுக்கு முடிவு சொல்வீர்களா? ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? மருந்துச் சோதனை என்றால் கடைசிக் கேள்வி மிக முக்கியம். 2019-ம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகளின்படி, பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், சோதனையால்தான் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு.

ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் படிவத்தில் இருக்கும். ஆய்வு நடத்துபவர்கள் மேலேயே குறை இருந்தால் பேச வேண்டிய இடம் அதுதான். அந்த எண்ணைத் தனியாக நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

உடனே முடிவு சொல்லத் தேவையில்லை. "நாளைக்குச் சொல்கிறோம்" என்று தாளை வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரவில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பேசுங்கள். ஆனால் கடைசி வார்த்தை அம்மாவுடையது. மகன் வேண்டாம் என்று சொல்லி அம்மா சரி என்றால், சரிதான். மகன் ஆசைப்பட்டு அம்மாவுக்கு மனமில்லை என்றால், வேண்டாம்தான்.

முந்தின நாள் மாலை

சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. மருத்துவமனையிலிருந்து வந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாமே அந்தப் பையில் இருக்கட்டும். கண்ணாடி இல்லாமல் பார்வைச் சோதனை செய்தால் கணக்குத் தவறிப்போகும். ரத்த அழுத்தம் பார்க்க வசதியாகக் கை தளர்ந்த ரவிக்கை நல்லது.

வெறும் வயிற்றில் வரச் சொன்னால், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தம் எடுத்த உடனே சாப்பிட இரண்டு இட்லி கையில் இருக்கட்டும். காத்திருக்கும் வரிசையில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு என்ன நடக்கும்

கேள்வி-பதில் நீளமானது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு உட்காருங்கள். களைத்தால் நிறுத்தச் சொல்லலாம், மீதியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம். ஒரு கருவியைக் கையால் இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். சில அடி தூரம் நடக்கச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். குழாயில் பலமாக ஊதச் சொல்வார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, சில சொட்டு ரத்தத்தைத் தடித்த தாளில் காயவைத்து எடுத்துப்போவார்கள். சமீபத்தில் கண்புரை அறுவையோ மாரடைப்போ ஆகியிருந்தால் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வயது கேட்பார்கள். ஆதாரில் பலருக்கு ஜனவரி 1 என்று போட்டிருக்கும். நம் பாட்டிமார்களில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "தனுஷ்கோடிப் புயல் வந்தப்போ நீங்க பள்ளிக்கூடம் போனீங்களா? அண்ணா இறந்தப்போ கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டால் 1964-ஐயும் 1969-ஐயும் வைத்து வயது ஓரளவுக்கு வந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் இதை முன்பே பேசி வைத்தால் உதவியாக இருக்கும்.

ஞாபகச் சோதனையும் உண்டு. பத்துச் சொற்களை வாசித்துக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். இன்று என்ன கிழமை என்பார்கள். இங்கே தயவுசெய்து யாரும் எடுத்துக்கொடுக்காதீர்கள். அத்தை தடுமாறியபோது மனசு கேட்காமல் நான் ஒரு சொல்லை முணுமுணுத்துவிட்டேன். நான் எடுத்துக்கொடுத்தால் அவருடைய ஞாபகம் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகப் பதிவாகும், அடுத்த சுற்றில் திடீரென்று சரிந்ததுபோலத் தெரியும். இது பரீட்சை இல்லை, யாரும் தேறவோ தோற்கவோ மாட்டார்கள் என்று அம்மாவிடம் முன்பே சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. பெண்களிடம் மாதவிடாய் நின்ற வயது, கர்ப்பப்பை எடுத்ததா என்றெல்லாம் கேட்பார்கள். மனச்சோர்வு பற்றியும், வீட்டில் யாராவது திட்டுகிறார்களா, அடிக்கிறார்களா என்றும்கூடக் கேட்பார்கள். மகனும் மருமகளும் எதிரே உட்கார்ந்திருந்தால் எந்த அம்மா வாய் திறப்பார்? நாற்பது வருடமாக வெளியே சொல்லாத கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றி என் அத்தை முதன்முதலாகப் பேசியது ஒரு கேள்விப் பட்டியல் வைத்திருந்த இளம்பெண்ணிடம். நான் அப்போது வெளியே திண்ணையில் இருந்தேன். பிறகு அவரே என்னிடம் சொன்னார், அதற்கப்புறம்தான் மருத்துவரிடம் போனோம். ஆகவே துணைக்கு வந்தவர்கள் எழுந்து போங்கள். கேள்வி கேட்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை "அடுத்தது கேளும்மா" என்று தாண்டிவிடலாம்.

இது சிகிச்சை இல்லை

ஆய்வில் இருக்கிறோம், நம்மைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து வழக்கமான மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. அளந்த ரத்த அழுத்தத்தையும் எடையையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், அதை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆய்வகத்துக்குப் போகும் ரத்தத்தின் முடிவு எல்லா ஆய்விலும் உங்கள் கைக்கு வராது. வருமா வராதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தொடர்வது எப்படி

நம் வீடுகளில் வயதான பெண்கள் ஒரே முகவரியில் இருப்பதில்லை. ஆறு மாதம் மூத்தவன் வீடு, ஆறு மாதம் இளையவன் வீடு, பேறுகாலத்துக்கு மகள் வீடு. இரண்டு வருடம் கழித்து வருபவர்கள் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப்போகிறார்கள். அதனால் முதல் நாளே பிள்ளைகள் எல்லாருடைய எண்ணும், கூடவே ஊரை விட்டு நகராத ஒருவருடைய எண்ணும் கொடுங்கள். எங்களுக்கு அது தெருமுனை மளிகைக் கடைக்காரர். சிம் மாற்றினால் ஆய்வு அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு போதும். புதிய எண்ணிலிருந்து அவர்கள் பேசும்போது "யாரோ கடன் கொடுக்கிறவங்க" என்று வைத்துவிடாமல் இருக்க, அவர்களுடைய எண்ணை அம்மாவின் போனில் ஆய்வின் பெயரோடு பதிந்து வையுங்கள்.

விலக வேண்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அதனால் அந்த மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சை எதுவும் குறையக் கூடாது. ஆனால் விலகும் முன் ஒன்று கேட்டுப் பாருங்கள். பாதி வழியிலும் நிற்க முடியும். ரத்தம் வேண்டாம், கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன் என்று சொல்லலாம். நேரில் வர முடியாது, போனில் பேசுகிறேன் என்றும் சொல்லலாம். முட்டி வலி வந்த பிறகு என் அத்தை அப்படித்தான் தொடர்கிறார். மருந்துச் சோதனையில் இருப்பவர் மட்டும் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடக் கூடாது, முதலில் அவர்களிடம் பேச வேண்டும்.

அம்மாவால் பதில் சொல்ல முடியாமல் போனால்

மறதி வந்துவிட்டது, பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, இனி எதற்கு என்று நினைத்து ஆய்வுக்காரர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். உடம்பு நன்றாக இருப்பவர்கள் மட்டும் மிஞ்சினால், வயதான பெண்கள் எல்லாருமே நன்றாக இருப்பதாக ஆய்வு தப்பாகச் சொல்லும். பல ஆய்வுகளில் நெருங்கிய ஒருவர் அவர் சார்பில் பதில் சொல்ல வழி இருக்கிறது. அது யாராக இருக்க வேண்டும் என்று அம்மா தெளிவாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் அத்தை தன் மகன் பெயரைச் சொல்லவில்லை, என் பெயரைச் சொன்னார். "அவனுக்கு என் முட்டி எதுன்னே தெரியாது" என்றார். அதைப் படிவத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இறந்துவிட்டாலும் சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து வந்து, கடைசி நாட்கள் எப்படி இருந்தன, யார் கவனித்தார்கள், எவ்வளவு செலவானது, வலி இருந்ததா என்று கேட்பார்கள். விருப்பம் இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் வேண்டாம். பேசுவதற்கு அவரைப் பக்கத்திலிருந்து கவனித்தவரை உட்கார வையுங்கள். பெரும்பாலும் அது மகளாகவோ மருமகளாகவோதான் இருக்கும்.